கை பட்ட இடம்

எல்லைச் சாலைப் பட்டறைகள் – 12

நேற்று மாலை வரை ஒழுங்காக ஓடிய கார். ஓடிய கிலோமீட்டரைக் கணக்குப் பார்த்து, நேரமாகிவிட்டதே என்று புது ஸ்பார்க் பிளக் வாங்கி மாட்டியாயிற்று. காலையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் பற்றிக்கொள்கிறது. ஆனால் நின்ற இடத்திலேயே குலுங்குகிறது. ஸ்டீயரிங் நடுங்குகிறது. சைலன்சர் சத்தம் சீராக வராமல் விட்டு விட்டு அடிக்கிறது. ஏ.சி. போட்டால் அணைந்தே போகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் கொஞ்சம் தெளிகிறது; காலை எடுத்தால் பழைய குலுக்கம்.

புதுசு போட்டும் இப்படியா என்று வண்டிக்காரர் தவித்துப்போகிறார். அடுத்த நாளே யாராவது ஒருவர் காயில் போய்விட்டது என்கிறார், இன்னொருவர் இன்ஜெக்டர் என்கிறார், மூன்றாமவர் பெட்ரோல் சரியில்லை என்கிறார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விலை இருக்கிறது. மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு அதில் கரைகிறது.

நெய்யாற்றின்கரையிலிருந்து அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்கு வரும் நெடுஞ்சாலையின் இரு ஓரமும் சிறு பட்டறைகள் உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்துக்கு, அதாவது இன்றைய தமிழ்நாட்டுக்கு, வந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. மாநிலம்தான் பிரிந்தது, சொந்தபந்தமும் சந்தையும் சாலையும் பிரியவில்லை. அதனால் இந்தப் பட்டறைகளின் முற்றத்தில் பாறசாலையின் கே.எல். 19, நெய்யாற்றின்கரையின் கே.எல். 20, மார்த்தாண்டத்தின் டி.என். 75 என்று மூன்று எண் வண்டிகளும் சேர்ந்தே நிற்கும். ஒரே ஸ்பேனரைத் தமிழில் கேட்பவரும் உண்டு, மலையாளத்தில் கேட்பவரும் உண்டு. புது வண்டிகளுக்குக் கம்பெனி சர்வீஸ் இருக்கிறது. பத்து வருடம், பதினைந்து வருடம் ஓடிய வண்டிகளுக்கு இந்தப் பட்டறைகள்தான் கதி.

இங்குள்ள மூத்த மெக்கானிக்குகளிடம் ஒரு முறை உண்டு. வேலை பார்த்தவுடன் வந்த குறையை, வேலை பார்த்த கை பட்ட இடத்தில்தான் முதலில் தேடுவார்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் குலுங்கும் எஞ்சினுக்கு முன்னால் நிற்கும்போது பலருக்கும் மறந்துபோவது இதுதான். இந்த வாரம் அந்த முறையை முழுதாகப் பார்த்துவிடுவோம்.

நிற்கும்போது ஏன் குலுங்குகிறது?

மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்று ஸ்லோ ஸ்பீடில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது, நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் பற்றும். ஆக ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 400 முறை. மூன்றும் சேர்ந்து 1,200 முறை. ஒரு விநாடிக்கு 20 அடி. இந்த இருபதும் சம இடைவெளியில் விழுவதால்தான் எஞ்சின் ஓடுவதே தெரியாமல் ஓடுகிறது. ஒரு சிலிண்டர் பற்றவில்லை என்றால் மூன்றில் ஓர் அடி விழாமல் போகிறது. மீதி இரண்டும் அந்த இடைவெளியைச் சமாளிக்கத் திணறுவதைத்தான் நாம் குலுக்கமாக உணர்கிறோம்.

வேகமாக ஓடும்போது இதே குறை மறைந்துகொள்ளும். ஃபிளைவீல் வேகமாகச் சுழல்வதால் ஓர் அடி தவறினாலும் அது இழுத்துக்கொண்டு போய்விடும். ஸ்லோ ஸ்பீடில் அந்த உந்துதல் குறைவு. அதோடு, த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால் உள்ளே போகும் காற்றும் பெட்ரோலும் கொஞ்சம். முந்தைய சுற்றின் புகையும் சிலிண்டரில் மிச்சம் நிற்கும். அந்தக் கொஞ்சக் கலவையைப் பற்றவைப்பதே கடினமான வேலை. ஸ்பார்க் சற்று பலவீனமானாலும், கணக்கில் வராத காற்று சற்று உள்ளே புகுந்தாலும் முதலில் காட்டிக்கொடுப்பது ஸ்லோ ஸ்பீடுதான்.

இதிலிருந்தே ஒரு துப்பு கிடைக்கிறது. நிற்கும்போது மட்டும் குலுங்கி, வேகம் எடுத்ததும் முழுக்கச் சரியாகிவிட்டால் காற்றுக் கசிவையோ ஸ்லோ ஸ்பீடு அமைப்பையோ சந்தேகிக்கலாம். ஏற்றத்தில் மிதிக்கும்போது இன்னும் மோசமாகி வெட்டி வெட்டி இழுத்தால் ஸ்பார்க் பக்கம் பார்க்க வேண்டும். பாரம் கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது; அழுத்தம் கூடினால் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக வோல்டேஜ் தேவைப்படுகிறது. பல ஆயிரம் வோல்ட்டில் வரும் அந்தக் கரண்ட், பிளக்கின் முனையைவிட எளிதான வழி எங்கே கிடைத்தாலும் அங்கே பாய்ந்துவிடும். விரிசல் விட்ட பீங்கான், கிழிந்த ரப்பர், ஈரம் எதுவும் அதற்கு வழிதான். பாறசாலையிலிருந்து கிழக்கே வெள்ளறடை, பனச்சமூடு பக்கம் ஏறும் சாலைகளில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாலே இந்த வேறுபாடு தெரிந்துவிடும்.

பழைய பிளக்கு எங்கே?

உதியன்குளங்கரைப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் கண்டதைச் சொல்கிறேன். மூன்று சிலிண்டர் கார். ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே தனித்தனிக் காயில் உள்ள வகை. ஓட்டி வந்த இளைஞர் ரப்பர் பால் வியாபாரம் செய்பவர். முந்தைய இரவு வீட்டு முற்றத்தில் அவரே பிளக் மாற்றியிருக்கிறார்.

“ஆசானே, காலத்த ஸ்டார்ட் பண்ணினா வண்டி கிடந்து துள்ளுது. பழைய பிளக்குல நல்லாத்தான் ஓடிச்சு. காயில் போயிருக்குமோ?”

பட்டறையின் மூத்த மெக்கானிக்கான ஆசான் பானெட்டைத் திறக்கும் முன்பே கேட்டார்: “பழைய பிளக்கு எங்க மக்கா? தூரக் களைஞ்சிட்டியா?”

“இல்ல, டிக்கியில கிடக்கு.”

“அப்ப பாதி வேலை தீந்துது.”

எஞ்சினை ஓடவிட்டார். அணைத்து, முதல் காயிலின் கனெக்டரைக் கழற்றிவிட்டு மறுபடி ஓடவிட்டார். குலுக்கம் இன்னும் மோசமானது. அதை மாட்டிவிட்டு மூன்றாவதைக் கழற்றினார், அப்போதும் மோசமானது. இரண்டாவதைக் கழற்றியபோது மட்டும் எந்த மாற்றமும் இல்லை. “எந்த வீட்டுல ஏற்கனவே விளக்கு எரியல்லியோ, அங்க ஃபியூஸ் பிடுங்கினா வித்தியாசம் தெரியாது” என்றார். பற்றாத சிலிண்டர் இரண்டாவது.

அடுத்து, இரண்டாவது காயிலை முதல் சிலிண்டருக்கும், முதல் காயிலை இரண்டாவதுக்கும் மாற்றி மாட்டினார். குறை காயிலில் இருந்தால் அது காயிலோடு முதல் சிலிண்டருக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை, இரண்டாவதிலேயே நின்றது. காயில் நல்லது. அதன் பிறகுதான் பிளக்கில் கை வைத்தார். புதுப் பிளக்கைக் கழற்றிவிட்டு டிக்கியில் கிடந்த பழைய பிளக்கை அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் போட்டார். எஞ்சின் சட்டென்று அமைதியானது.

புதுப் பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், வெள்ளைப் பீங்கானில் முடி போன்ற ஒரு விரிசல். ஆழக் குழிக்குள் ஸ்பேனரைச் சாய்த்துப் பிடித்து முறுக்கியதில் வந்தது. ஒரே ஒரு பிளக்கின் விலையோடு வேலை முடிந்தது. காயில் வாங்கியிருந்தால் செலவு பல மடங்கு ஆகியிருக்கும், குலுக்கமும் போயிருக்காது.

ஆசான் செய்ததில் மந்திரம் ஏதும் இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கேள்வி வைத்திருந்தார். நல்லது என்று ஏற்கனவே தெரிந்த ஒரு பொருளை, அதாவது பழைய பிளக்கை, அளவுகோலாக வைத்துக்கொண்டார். படித்த ஆராய்ச்சியாளர் ஆய்வுக்கூடத்தில் செய்வதும் இதைத்தான்.

இதை வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது பிளக் வயரையோ காயிலையோ கையால் பிடுங்கக் கூடாது. ஆளைத் தூக்கிப்போடும் கரண்ட் அது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்தில் நிற்கவே கூடாது. எஞ்சினை அணைத்த பிறகே கழற்ற வேண்டும். பற்றாத சிலிண்டரோடு நீண்ட நேரம் ஓடவிடவும் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து, அதன் உள்ளிருக்கும் தேன்கூட்டுப் பீங்கானை உருக்கிவிடும்.

கை எங்கெல்லாம் பட்டது?

பிளக் மாற்றுவது ஒரு வேலை போலத் தோன்றினாலும் கை படும் இடங்கள் பல. ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றியிருப்போம். அதில் செருகியிருந்த சிறு ஹோஸ்களை விலக்கியிருப்போம். காயில்களின் கனெக்டர்களைப் பிடுங்கியிருப்போம். சிலர் பேட்டரி டெர்மினலையும் கழற்றியிருப்பார்கள். மாட்டிய வரிசையிலேயே மனத்தில் திரும்பி நடந்தால், குறை வழியிலேயே எதிர்ப்படும்.

முதலில் கனெக்டர். சூட்டில் வருடக்கணக்காக வெந்த பிளாஸ்டிக் பூட்டு, கழற்றும்போதே உடைந்திருக்கும். செருகினால் உட்கார்ந்தது போலத் தெரியும். எஞ்சின் அதிர்வில் மெல்லப் பின்வாங்கும். ‘டிக்’ என்று சத்தம் கேட்டதா, இழுத்தால் வராமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். காயிலின் அடியிலிருக்கும் ரப்பரும் பிளக்கின் தலையில் கடைசி வரை இறங்கியிருக்க வேண்டும்.

வயர் உள்ள பழைய வண்டிகளில் வரிசை மாறுவது முக்கியமான காரணம். மாருதி 800 கார் 1983 டிசம்பரில் வந்தது. உற்பத்தி 2014-இல் நின்றது. கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ள பழைய 800-கள் சில இன்னும் இந்தச் சாலையில் ஓடுகின்றன. அந்த எஞ்சின் பற்றும் வரிசை 1-3-2. மூன்று வயரையும் ஒன்றாகப் பிடுங்கிவிட்டு இரண்டை மாற்றிச் செருகிவிட்டால், சரியான நேரத்தில் பற்றுவது ஒரே சிலிண்டர்தான். வண்டி இருமிவிட்டு நின்றுவிடும். 1-3-4-2 வரிசை கொண்ட நான்கு சிலிண்டர் வண்டியில் இரண்டு வயர் மாறினால் மீதி இரண்டில் குலுங்கிக்கொண்டே ஓடும். அதனால்தான் ஒரு வயரைக் கழற்றி, ஒரு பிளக்கை மாற்றி, அந்த வயரை மாட்டிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும் என்று பட்டறைகளில் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

வயர் கிழிந்திருப்பதைக் காண இரவுதான் நல்ல நேரம். இருட்டில் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டால், கரண்ட் கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும். காயிலுக்கு அடியில் மறைந்திருக்கும் கசிவைப் பிளக்கின் பீங்கானே காட்டும். அதன் மேல் மேலிருந்து கீழாகப் பென்சிலில் கிழித்தது போல ஒரு கறுப்புக் கோடு இருந்தால், கரண்ட் வெளிப்பக்கமாக ஓடியிருக்கிறது. அப்போது பிளக்கை மட்டும் மாற்றினால் போதாது. அதே கோடு ரப்பரின் உள்ளேயும் பதிந்திருக்கும். இரண்டையும் மாற்ற வேண்டும். பீங்கானும் இரும்பும் சேரும் இடத்தில் வட்டமாகப் பழுப்புக் கறை மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். உயர் வோல்டேஜ் சுற்றிலும் உள்ள எண்ணெய்த் துகளை ஈர்த்து ஒட்டவைத்த கறை அது. அதைப் பார்த்து ‘கம்ப்ரஷன் லீக்’ என்று பிளக்கைத் தூக்கி எறிகிறவர்கள் உண்டு.

அடுத்து காற்று. ஏர் ஃபில்டர் பெட்டியை மாட்டும்போது சுண்டுவிரல் தடிமன் ஹோஸ் ஒன்று விட்டுப்போயிருக்கலாம், அல்லது காய்ந்த ஹோஸ் வளைத்ததில் கீறியிருக்கலாம். உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சாரைத் தாண்டிக் காற்று புகுந்தால் அது கணக்கில் வராது. பெட்ரோல் குறைவாகவே போகும். ஸ்லோ ஸ்பீடில் எஞ்சின் தடுமாறும். குழாயின் உள் அழுத்தத்தை அளக்கும் சென்சார் உள்ள வண்டிகளில், கசிவு வந்தால் வேகம் தானாக ஏறி இறங்கும். காதைக் கொடுத்தால் ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் கேட்கும். சோப்புத் தண்ணீரைச் சிறிது தெளித்தால், கசிவு உள்ள இடத்தில் அது உறிஞ்சப்படும்போது சத்தம் மாறும். பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். சூடான எஞ்சின் மீது அது நெருப்பில் முடியும்.

பேட்டரியைக் கழற்றியிருந்தால் இன்னொன்றும் உண்டு. வண்டியின் கம்ப்யூட்டர், ஸ்லோ ஸ்பீடுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதை ஓடி ஓடித் தெரிந்து வைத்திருக்கும். த்ராட்டிலில் அழுக்கு சேரச் சேர அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொண்டே வந்திருக்கும். டெர்மினலைக் கழற்றியதும் பல வண்டிகளில் அந்தக் கணக்கு அழிந்துபோகிறது. அப்போது ஒரு சிலிண்டர் மட்டும் தவறாது. மொத்த எஞ்சினும் தணிந்து அணையப் பார்க்கும். ஏ.சி., லைட் எல்லாவற்றையும் அணைத்துச் சில நிமிடம் ஓடவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். வண்டியோடு வந்த புத்தகத்தில் அதற்கான முறை இருந்தால் அதன்படி செய்வதே நல்லது.

பிளக்கின் மேல் எழுதியிருப்பது

இந்தியாவில் ‘மைகோ’ என்ற பெயரைச் சொன்னால் பிளக் நினைவுக்கு வரும் தலைமுறை ஒன்று இருந்தது. போஷ் நிறுவனத்தின் கூட்டோடு 1951-இல் தொடங்கியது அந்தக் கம்பெனி. 2008-இல் அதன் பெயரே போஷ் என்று மாறிவிட்டது. மைகோவின் காலத்தில் பல வண்டிக்கும் ஒரே பிளக் பொருந்தியது. இன்று மரை அளவு, நீளம், சூட்டு எண், முனை எல்லாம் எஞ்சினுக்கு எஞ்சின் வேறு.

பி.பி.ஆர்.6.இ.எஸ். என்ற என்.ஜி.கே. பிளக்கை எடுத்துக்கொள்வோம். முதல் ‘பி’ 14 மி.மீ. மரையைக் குறிக்கிறது. அடுத்த ‘பி’ பீங்கான் வெளியே நீட்டியிருப்பதை. ‘ஆர்’ உள்ளே ரெசிஸ்டர் இருப்பதை. 6 என்பது சூட்டு எண். ‘இ’ மரையின் நீளம் 19 மி.மீ. என்பதை. ‘ஆர்’ இல்லாத பிளக்கைக் கம்ப்யூட்டர் உள்ள வண்டியில் போட்டால், ஸ்பார்க்கின் மின் இரைச்சல் சென்சார்களைக் குழப்பக்கூடும். நீளம் குறைந்த பிளக் ஒளிந்த இடத்தில் பற்றவைக்கும். நீளம் கூடினால் பிஸ்டன் வந்து இடிக்கும்.

சூட்டு எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. என்.ஜி.கே.யில் எண் கூடினால் பிளக் குளிர்ச்சியானது. போஷில் எண் கூடினால் சூடானது. ஒன்றின் எண்ணைப் பார்த்து மற்றதை வாங்கினால் தலைகீழாகப் போகும். பிளக்கின் முனை ஏறக்குறைய 450 டிகிரிக்கு மேல் போனால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 800 டிகிரியைத் தாண்டிப் போனால் ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். குளிர்ந்த பிளக்கைப் போட்டு, நெய்யாற்றின்கரைச் சந்தைக்கும் வீட்டுக்குமாகக் குறுந்தூரம் மட்டும் ஓட்டினால், சில வாரத்திலேயே கரி பிடித்து ஸ்லோ ஸ்பீடு கெடும்.

இடைவெளி அடுத்தது. பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு 0.7, 0.8 மி.மீ. போதும். இன்றைய பல எஞ்சின்களுக்கு 1.0 முதல் 1.1 மி.மீ. வேண்டும். பட்டறைகளில் ஹேக்ஸா பிளேடைச் செருகிப் பார்க்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தப் பிளேடின் தடிமன் 0.6 மி.மீ.-க்குச் சற்று மேல். அந்தக் கால வண்டிக்கு அது ஏறக்குறையப் பொருந்தியது. இன்றைய வண்டிக்கு அந்த அளவில் வைத்தால் பொறி சிறிதாகி, ஸ்லோ ஸ்பீடின் மெல்லிய கலவை பற்றாமல் தவறும். ஃபீலர் கேஜ் அதிக விலைப் பொருள் இல்லை. ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். இரிடியம் பிளக்கின் நடு முனை 0.4 முதல் 0.6 மி.மீ. மட்டுமே, அதில் எதையாவது நெம்பினால் ஒடிந்துவிடும். கீழே விழுந்த பிளக்கை, வெளியே எதுவும் தெரியாவிட்டாலும், எஞ்சினில் போடாதீர்கள்.

முறுக்குவதும் அளவோடுதான். சிலிண்டர் ஹெட் அலுமினியம். பிளக்கைக் கையாலேயே, அல்லது அதன் தலையில் ஒரு துண்டு ரப்பர் ஹோஸைச் செருகி, மரை முழுக்க ஏறும்வரை சுற்ற வேண்டும். வாஷர் உட்கார்ந்த பிறகு, புதிய 14 மி.மீ. பிளக்குக்கு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்குச் சுற்று போதும். டார்க் ரெஞ்ச் இருந்தால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். சிறிய 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20. தளர்வாக விட்டால் கம்ப்ரஷன் பிளக்கின் ஓரமாகக் கசிந்து ‘சஃப் சஃப்’ என்று சத்தம் வரும். சூடு ஹெட்டுக்கு இறங்காமல் பிளக்கின் முனை வெந்துபோகும். அளவுக்கு மேல் முறுக்கினால் மரையே உரிந்துவிடும். அதற்கான செலவைச் சொல்லாமலிருப்பதே நல்லது.

மழையும் உப்பும் பெட்ரோலும்

இந்த மண்ணுக்கென்று சில காரணங்களும் உண்டு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் ஊர் இது. பிளக் உட்காரும் குழிக்குள் தண்ணீர் இறங்கினால் காயிலின் கரண்ட் அதன் வழியே ஓடிவிடும். வாட்டர் சர்வீஸில் பானெட்டுக்குள் வேகமாகத் தண்ணீர் அடித்த மறுநாள் குலுங்கும் வண்டிகளும் இதே வகை. பூவாறு, பொழியூர் போன்ற கடலோர ஊர்களின் வண்டிகளில் உப்புக் காற்று கனெக்டரின் பித்தளைப் பின்களில் பச்சைக் களிம்பு ஏற்றியிருக்கும். பல வருடம் அசையாமல் ஒட்டியிருந்த அந்தப் பின், பிளக் மாற்றக் கழற்றி மாட்டியதும் தொடர்பு விட்டுப்போகும். குழிக்குள் தண்ணீருக்குப் பதில் எண்ணெய் நின்றால் வால்வு கவர் கேஸ்கெட் கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் எத்தனை பிளக் போட்டாலும் ரப்பர் ஊறிக் கெடும். மாற்றும் முன் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யாவிட்டால், அங்கே தங்கிய மண் பிளக்கைக் கழற்றியதும் நேரே சிலிண்டருக்குள் விழும்.

எல்லையைத் தாண்டினால் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்பதால், பாறசாலைப் பக்கத்து வண்டிகள் களியக்காவிளை வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போவது வழக்கம். வண்டி குலுங்கினால் உடனே அந்தப் பெட்ரோல் மீது பழி விழும். எத்தனால் கலப்பு 20 சதவீதம் ஆன பிறகு இந்தப் பேச்சு கூடியிருக்கிறது. ஆனால் ஒரே டேங்கிலிருந்துதான் எல்லாச் சிலிண்டருக்கும் பெட்ரோல் போகிறது. ஒரு சிலிண்டர் மட்டும் பற்றவில்லை என்றால் பெட்ரோல் பங்க் மீது குற்றம் சொல்ல முடியாது. பிளக் மாற்றிய இரவுக்கும் காலைக்கும் இடையில் டேங்கில் எதுவும் மாறவில்லை என்பதையும் யோசிக்க வேண்டும்.

விளக்கு கண் சிமிட்டினால்

2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 4 கார்களில், எந்தச் சிலிண்டர் தவறுகிறது என்பதை வண்டியே கண்டுபிடித்து எழுதிவைக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் சிறிய ஸ்கேனரைச் செருகினால் பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்றால் குறை ஒரே இடத்தில் நிற்காமல் மாறி மாறி வருகிறது. காற்றுக் கசிவையும் பெட்ரோல் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்கிறது. ஆசான் செய்தது போலக் காயிலை மாற்றி மாட்டி, பி0302 என்பது பி0301 ஆக மாறினால் குறை காயிலில். மாறாவிட்டால் பிளக்கிலோ இன்ஜெக்டரிலோ வயரிங்கிலோ.

ஸ்கேனர் இடத்தைச் சொல்லும்; காரணத்தைச் சொல்லாது. பற்றாத சிலிண்டரின் காற்று எரியாமல் சைலன்சருக்கு வரும்போது, ஆக்சிஜன் சென்சார் ‘பெட்ரோல் போதவில்லை’ என்று தப்பாகச் சொல்கிறது. கம்ப்யூட்டர் இன்னும் பெட்ரோலை ஊற்றுகிறது. ‘பெட்ரோல் போதவில்லை’ என்று ஸ்கேனர் காட்டும் எண்ணை மட்டும் பார்த்துச் சென்சாரை மாற்றினால் பணம் போனதுதான். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாகப் பட்டறைக்கு ஓட்டிப் போகலாம். அது கண் சிமிட்டினால் கன்வெர்ட்டர் வெந்துகொண்டிருக்கிறது, ஓரமாக நிறுத்திவிடுங்கள்.

இந்த ஊர்ப் பட்டறைகளுக்கு வரும் பையன்களில் சிலர் தனுவச்சபுரம் அரசு ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு வருகிறார்கள். பலர் ஆசானின் கையைப் பார்த்தே கற்கிறார்கள். ஸ்கேனர் வந்த பிறகு ஆசானின் காது தேவையில்லை என்று பேசுகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. எண்ணைப் படிக்கத் தெரிந்த பையனும், சத்தத்தைப் படிக்கத் தெரிந்த ஆசானும் ஒரே பட்டறையில் இருந்தால் அந்த ஊர்க்காரர்களுக்கு வீண்செலவு குறையும். அந்த அறிவு எழுதிவைக்கப்படாமல் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தத் தொடரே.

நெய்யாற்றின்கரையை ஒட்டிய ஆறாலுமூட்டில் கேரள அரசின் கேரள ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் இருக்கிறது. 1978-இல் தொடங்கி மூன்று சக்கர வண்டி செய்துவந்த அந்த நிறுவனம், 2019-இல் ‘நீம் ஜி’ என்ற மின்சார ஆட்டோவைக் கொண்டுவந்தது. அதில் பிளக்கும் இல்லை, ஸ்லோ ஸ்பீடும் இல்லை. ஆனால் அதிலும் கனெக்டர் உண்டு, பூட்டு உண்டு, கழற்றி மாட்டும் கை உண்டு. பழுது பார்த்த பிறகு வந்த குறையை எங்கே தேடுவது என்ற பாடம் அந்த வண்டிக்கும் பொருந்தும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பிளக் மாற்றக் கொடுக்கும்போது பழையவற்றைச் சிலிண்டர் எண் குறித்துத் திருப்பித் தரச் சொல்லுங்கள்; கேட்பது உங்கள் உரிமை, நல்ல மெக்கானிக் இதற்குக் கோபிக்க மாட்டார். குறைந்தது ஒரு மாதம் அவற்றை வண்டியிலேயே வையுங்கள். குலுங்கத் தொடங்கினால் புதிதாக எதையும் வாங்கும் முன், வேலை பார்த்தவரிடமே போய், கழற்றிய ஒவ்வொன்றையும் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குக் கூலி கேட்டால் தயங்காமல் கொடுங்கள். தெரியாமல் வாங்கும் ஒரு காயிலைவிட, தெரிந்து பார்க்கும் அரை மணி நேரத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

(தொடரும்)